மூளைச்சாவை உறுதிசெய்ய ஸ்கேன் எப்படி உதவுகிறது: படிப்படியான முழு வழிகாட்டி

ஐசியூவிலிருந்து போன் வரும். "மூளைச்சாவுக்கு ஒரு ஸ்கேன் எடுக்கணும், எப்போ அனுப்பலாம்?" நான் நேரம் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன்: எதுக்காக எடுக்கிறீங்க? கேட்கிற டாக்டருக்குச் சில சமயம் எரிச்சலாக இருக்கும். ஆனால் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாமல் எடுக்கப்படும் ஸ்கேன், உதவுவதைவிடக் குழப்புவதுதான் அதிகம்.

நான் அணு மருத்துவப் பிரிவில், அதாவது கதிர்வீச்சு மருந்தை ஏற்றிப் படம் எடுக்கும் பிரிவில், வேலை பார்ப்பவன். ஐசியூவில் புதிதாகச் சேர்ந்த டாக்டர்கள், ஸ்கேன் அறையில் வேலை செய்கிறவர்கள், "உங்கப்பாவுக்கு ஒரு ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணப் போறோம்" என்ற வார்த்தையைக் கேட்டுவிட்டு என்னவென்று புரியாமல் வெளியே உட்கார்ந்திருக்கும் குடும்பத்தார் எல்லோரையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். சட்டமும் நடைமுறையும் நாட்டுக்கு நாடு மாறும். யார் சோதிக்க வேண்டும், எத்தனை முறை, எவ்வளவு இடைவெளி, எந்த ஸ்கேன் செல்லும் என்பதையெல்லாம் உங்கள் இடத்து விதியைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். உடம்புக்குள் நடப்பது மட்டும் எங்கேயும் ஒன்றுதான்.

ஸ்கேன் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது

மூளை செத்துவிட்டதா என்று ஸ்கேன் சொல்லாது. மூளைக்குள் ரத்தம் போகிறதா, இல்லையா என்பதை மட்டும்தான் சொல்லும்.

பெரியவர் ஒருவரின் மூளைக்கு நிமிடத்துக்குச் சுமார் 750 மில்லி ரத்தம் போகிறது, இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தில் கிட்டத்தட்ட 15 சதவீதம். மண்டையோடு ஒரு மூடிய பெட்டி. பெரிய அடி, ரத்தக்கசிவு, நீண்ட நேரம் ஆக்சிஜன் இல்லாமல் போனது என்று எது காரணமாக இருந்தாலும், மூளை வீங்கினால் விரிய இடமில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அந்த அழுத்தம் உடம்பின் சராசரி ரத்த அழுத்தத்தைத் தொட்டுவிட்டால், ரத்தத்தை உள்ளே தள்ள எதுவும் மிச்சமில்லை. கழுத்து வரை வந்த ரத்தம் மண்டையின் வாசலிலேயே நின்றுவிடும். அந்த நிற்பதைத்தான் நாங்கள் படம் பிடிக்கிறோம்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. மற்ற ஸ்கேன்களில் கட்டி, கல், எலும்பு முறிவு என்று ஏதோ ஒன்றைக் கண்டுபிடிப்போம். இங்கே 'இல்லை' என்பதைக் காட்ட வேண்டும். படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் ரத்தம் போகவில்லை என்று அர்த்தமா, இல்லை மருந்து சரியாக ஏறவில்லை, பிபி விழுந்துவிட்டது, கேமரா தப்பாக வைக்கப்பட்டது என்று அர்த்தமா? கீழே சொல்லப்போகும் படிகளில் பாதிக்கு மேல் இந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்காகத்தான்.

படி 1: படுக்கையருகே முடிக்க வேண்டியதை முடியுங்கள்

மூளைச்சாவு என்பது அடிப்படையில் படுக்கையருகே செய்யும் பரிசோதனையில் தெரிவது. 1959-இல் பிரான்ஸில் மோலரே, குலோன் என்ற இரண்டு மருத்துவர்கள் கோமாவையும் தாண்டிய ஒரு நிலை என்று இதை விவரித்தார்கள். 1968-இல் ஹார்வர்டு குழு இதற்கு அளவுகோல் வகுத்தது. விவரங்கள் எவ்வளவோ மாறினாலும் எலும்புக்கூடு அப்படியேதான் இருக்கிறது: காரணம் தெரிந்த, திரும்பி வராத கோமா. மூளைத்தண்டின் ரிஃப்ளெக்ஸ்கள் ஒன்றுகூட இல்லை. சொந்தமாக மூச்சு இல்லை.

காரணம் தெரிய வேண்டும் என்ற இடத்தில்தான் முதல் ஸ்கேன் வருகிறது, சாதாரண சிடி. மூளை மடிப்புகளின் இடுக்குகள் அழிந்துபோயிருப்பது, சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் வித்தியாசம் தெரியாமல் போயிருப்பது, அடியில் இருக்கும் நீர்த்தேக்கங்கள் மூடியிருப்பது, மூளை கீழ்நோக்கி இறங்கியிருப்பது எல்லாம் அதில் தெரியும். இது காரணத்தை விளக்கும், சாவை நிரூபிக்காது. சிடியில் மோசமான சேதம் எதுவும் தெரியவில்லை, ஆனால் நோயாளி அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். விஷமா, மருந்தின் அளவு மீறிப் போனதா, உடல் குளிர்ந்துவிட்டதா, சோடியமோ சர்க்கரையோ தாறுமாறாக இருக்கிறதா என்று பாருங்கள். மாரடைப்பில் இதயம் நின்று திரும்ப ஓடிய நோயாளி என்றால், முதல் சில மணி நேரத்தில் எடுத்த சிடி பார்க்க நன்றாகவே இருக்கக்கூடும். அவசரப்படக் கூடாது, குறைந்தது 24 மணி நேரம் பொறுக்க வேண்டும்.

அப்புறம் கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, கருவிழியைத் தொட்டால் இமை மூடுகிறதா, தலையைத் திருப்பும்போதும் காதில் குளிர்ந்த நீரை விடும்போதும் கண் நகர்கிறதா, தொண்டையில் குமட்டல் வருகிறதா, மூச்சு டியூபுக்குள் உறிஞ்சும்போது இருமல் வருகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கடைசியாக அப்னியா டெஸ்ட். வென்டிலேட்டரை எடுத்துவிட்டு ஆக்சிஜனை மட்டும் கொடுத்துக்கொண்டு, ரத்தத்தில் கார்பன்டைஆக்சைடு 60 மி.மீ.க்கும், ஆரம்பத்தில் இருந்ததைவிட 20 கூடுதலாகவும் ஏறிய பிறகும் ஒரு மூச்சுகூட எடுக்கவில்லையா என்று பார்ப்பது.

செய்ய முடிந்த எல்லாவற்றையும் செய்த பிறகுதான் ஸ்கேன். லேசான இருமல் இருந்தால்கூட மூளைச்சாவு இல்லை, ஸ்கேனும் தேவையில்லை. அந்த இருமலை ஒதுக்கிவிட்டு ஸ்கேனில் ரத்த ஓட்டம் இருக்கிறதா பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள்.

படி 2: ஸ்கேன் உண்மையிலேயே தேவையா

பெரும்பாலான நோயாளிகளுக்குத் தேவையில்லை. பரிசோதனையும் அப்னியா டெஸ்டும் முழுமையாக முடிந்து, இடத்தின் விதி ஸ்கேனைக் கட்டாயமாக்காவிட்டால், அதோடு முடிந்தது. பிரான்ஸ் போன்ற நாடுகளில் மட்டும் சட்டப்படி படமோ, மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் இஇஜியோ கட்டாயம்.

தேவைப்படும் இடங்கள் எவை? முகம் நொறுங்கிக் கண்ணைத் திறந்து பார்க்க முடியாதபோது, செவிப்பறை கிழிந்து காதில் நீர் விட முடியாதபோது, கழுத்துத் தண்டுவடம் மேலேயே அறுபட்டு, மூச்சு இல்லாதது மூளையாலா தண்டுவடத்தாலா என்று பிரிக்க முடியாதபோது, பல வருட நுரையீரல் நோயால் கார்பன்டைஆக்சைடு எப்போதும் உயர்ந்தே இருப்பவருக்கு, அப்னியா டெஸ்ட் தொடங்கி ஒரு நிமிடத்தில் ஆக்சிஜன் சரிந்து நிறுத்த வேண்டி வந்தபோது, தூக்க மருந்து இன்னும் உடம்பில் தங்கியிருக்கும்போது. கை விரல் அசைவது தண்டுவடத்தின் வேலையா, மூளையின் வேலையா என்று அனுபவசாலிகளுக்கே சந்தேகம் வரும்போதும் ஸ்கேன் கைகொடுக்கும்.

குடும்பம் நம்பவில்லை என்பதற்காக மட்டும் எடுப்பதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

படி 3: எந்த ஸ்கேன்

மூளைக்குப் போகும் குழாய்களில் மருந்து செலுத்திப் படமெடுக்கும் நான்கு ரத்தக்குழாய் ஆஞ்சியோகிராம், கதிர்வீச்சு மருந்தை ஏற்றி எடுக்கும் ரேடியோ மருந்து ஸ்கேன், ஒலி அலையால் ரத்த ஓட்டத்தைக் கேட்கும் தலைக்கான டாப்ளர். 2023-இல் அமெரிக்க நரம்பியல், குழந்தை மருத்துவ, தீவிர சிகிச்சை அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டி ஏற்றுக்கொண்டது இந்த மூன்றைத்தான், அதிலும் டாப்ளர் பெரியவர்களுக்கு மட்டும். சிடி, எம்ஆர்ஐ மெஷின்களில் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சிடி ஆஞ்சியோ, எம்ஆர் ஆஞ்சியோ, அப்புறம் இஇஜி ஆகிய மூன்றையும் அது ஏற்கவில்லை. அதே சிடி ஆஞ்சியோவைச் சில நாடுகள் வழக்கமாகவே பயன்படுத்துகின்றன. ஆகவே ஸ்கேன் எடுப்பதற்கு முன்பே, இந்த ரிப்போர்ட் இங்கே செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எடுத்து முடித்த பிறகு செல்லாது என்று தெரிந்தால் அந்தக் குடும்பத்தை இன்னும் ஒரு நாள் காக்க வைத்த மாதிரி ஆகிவிடும்.

படி 4: கிளம்புவதற்கு முன்

பிபி. பிபி. பிபி. மேலே சொன்ன 2023 வழிகாட்டி பெரியவர்களுக்குப் பிபியின் மேல் எண் 100-க்கும் சராசரி அழுத்தம் 75-க்கும் குறையாமல் இருக்க வேண்டும் என்கிறது, உடல் வெப்பமும் 36 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. காரணம் நேரடியானது: பிபி 60-க்குக் கீழே கிடக்கும்போது மூளைக்கு ரத்தம் போகவில்லை என்று படம் காட்டினால், அது மூளையின் குற்றமா பிபியின் குற்றமா என்று யாராலும் சொல்ல முடியாது. மருந்து ஏற்றுகிற அந்த நிமிடத்தில் பிபி என்ன என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். பின்னால் யார் எடுத்துப் பார்த்தாலும் முதலில் தேடுவது அதைத்தான்.

மூளை செத்தவர்கள் பலருக்குச் சிறுநீர் கட்டுக்கடங்காமல் போகும், பிபி திடீரென்று சரியும். அதனால் பிபி மருந்து பம்புகளில் சார்ஜ் இருக்கிறதா, மருந்து தீரப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் லிஃப்டுக்குள் போக வேண்டும். கையில் இருக்கும் ஊசி லைன் நன்றாக ஓடுகிறதா என்று சலைன் விட்டுப் பாருங்கள். இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அடுத்த படியில் வருகிறது.

படி 5: ரேடியோ மருந்து ஸ்கேன், நெருக்கத்தில்

என் வேலை இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டெக்னீஷியம்-99எம் என்ற கதிர்வீச்சுப் பொருளை ஒரு மருந்தோடு சேர்த்து ரத்தத்தில் ஏற்றுகிறோம். எச்எம்பிஏஓ, இசிடி இரண்டும் கொழுப்பில் கரைபவை. ரத்தத்தோடு மூளைக்குள் போய், உயிருள்ள திசு அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டிடிபிஏ அப்படியில்லை, குழாய்களில் ஓடிவிட்டுப் போய்விடும். முதல் இரண்டில் ஒன்று கிடைத்தால் அதையே கேளுங்கள், சந்தேகம் குறையும்.

எச்எம்பிஏஓ-வைக் கலக்கியவுடன் அது சிதையத் தொடங்கும். நிலைப்படுத்தும் பொருள் சேர்க்காத வகை என்றால் 30 நிமிடத்துக்குள் ஏற்றியாக வேண்டும். அதனால் நோயாளி மேஜைக்கு வந்து, பிபி சரியாக இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நான் கலக்குவேன்.

மருந்தை ஏற்றும் நொடியிலிருந்து கேமரா ஓட வேண்டும். ஒன்றிரண்டு நொடிக்கு ஒரு படம், குறைந்தது ஒரு நிமிடம். கழுத்தின் இரண்டு பக்கமும் கோடு போல மருந்து மேலேறி வருவதைத் திரையில் பார்ப்பீர்கள். ரத்த ஓட்டம் இருக்கும் மூளையில் அது மூன்று கிளையாகப் பிரிந்து விரியும், நடுவில் ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. இல்லாதபோது அது தாடைக்கு மேலே வந்து அப்படியே முகத்துக்கும் உச்சந்தலைத் தோலுக்கும் திரும்பிவிடும். மூக்கின் இடம் வழக்கத்தைவிடப் பளிச்சென்று தெரியும், உள்ளே போக வழியில்லாத ரத்தம் வெளிக்குழாய் வழியாக அங்கே திரும்புவதால். ஆனால் மூக்கின் பளிச்சை மட்டும் வைத்து முடிவு சொல்லாதீர்கள். வேறு காரணங்களாலும் அது வரும்.

சுமார் 20 நிமிடம் கழித்து அசையாத படங்கள். முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. பக்கவாட்டுப் படத்தை நேரமில்லை என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. தப்பு. சிறுமூளையும் மூளைத்தண்டும் இருக்கும் பின்பள்ளம் முன்பக்கப் படத்தில் முகத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். முடிந்தால் கேமராவைத் தலையைச் சுற்றி ஓடவிட்டு முப்பரிமாணமாக எடுக்கும் ஸ்பெக்ட் எடுத்துவிடுங்கள், பின்பள்ளத்தை அதில்தான் தெளிவாகப் பார்க்க முடியும். எல்லாம் சேர்ந்து மண்டைக்குள் எதுவுமில்லை என்றால், படத்தில் சுற்றிலும் முகமும் தோலும் மங்கலாகத் தெரிய, நடுவில் ஒரு கரும்பள்ளம் இருக்கும். காலி மண்டையோடு என்று நாங்கள் சொல்வது அதைத்தான். எத்தனை முறை பார்த்தாலும் அந்தப் படம் வரும்போது அறையில் யாரும் பேச மாட்டோம்.

இப்போது அந்த ஊசி லைன் விஷயம். ஒருமுறை படம் முழுக்கக் கருப்பாக வந்தது, மூளை மட்டுமல்ல, முகமும்தான். கூட வந்திருந்த இளம் டாக்டர் "அப்போ கன்ஃபர்ம் ஆயிடுச்சு" என்று குறிப்பு எழுதத் தொடங்கிவிட்டார். கேமராவைக் கைப்பக்கம் திருப்பினேன். முழங்கையில் ஒரு வெள்ளைக் குண்டு. மருந்து முழுவதும் தோலுக்கடியில் கசிந்து நின்றிருந்தது, ரத்தத்துக்குள் போகவேயில்லை. டெக்னீஷியத்தின் பாதி ஆயுள் 6 மணி நேரம் என்பதால் காத்திருந்து, வேறு லைனில் மறுபடி எடுத்தோம். அன்றிலிருந்து கல்லீரலையும் ஊசி போட்ட இடத்தையும் படம் எடுக்காமல் நான் ஒரு ஸ்கேனையும் முடித்ததில்லை. எச்எம்பிஏஓ ரத்தத்தில் சரியாகப் போயிருந்தால் கல்லீரல் தெரியும். முகம் தெரிய வேண்டும், கல்லீரல் தெரிய வேண்டும், மூளை மட்டும் தெரியக்கூடாது. அப்போதுதான் அந்தக் கருப்புக்கு அர்த்தம்.

டிடிபிஏ பயன்படுத்தினால் உச்சியில் ஓடும் பெரிய சிரைக்குழாய் இருக்கும் இடத்தில் மெலிதான கோடு தெரியலாம். அது தோலின் ரத்தத்திலிருந்தும் வரக்கூடும். தமனி ஓட்டம் எதுவும் தெரியாமல் இந்தக் கோடு மட்டும் தெரிந்தால் அதை ரிப்போர்ட்டில் வெளிப்படையாக எழுதுங்கள், மறைக்க வேண்டாம்.

படி 6: ஆஞ்சியோகிராம் எடுத்தால்

தொடையிலோ கையிலோ குழாயை நுழைத்து, கழுத்தின் முன்பக்கம் ஏறும் இரண்டு கரோட்டிட், பின்பக்கம் ஏறும் இரண்டு வெர்டிபிரல் ஆகிய நான்கு தமனிகளையும் பார்ப்பது இது. பழைய முறை, இன்றும் மற்ற முறைகளை இதோடுதான் ஒப்பிடுகிறார்கள். குழாயைப் படத்தில் தெரியவைக்கும் கான்ட்ராஸ்ட் மருந்து, கரோட்டிட்டின் மூளைக்குப் போகும் கிளையான உட்கரோட்டிட் மண்டைக்குள் நுழையும் இடத்திலும், வெர்டிபிரல் பின்கழுத்தின் மேல் முனையிலும் நின்றுவிட வேண்டும். முகத்துக்கும் தோலுக்கும் போகும் வெளிக்கரோட்டிட் மட்டும் தாராளமாக நிரம்ப வேண்டும், இங்கேயும் அதுதான் உங்கள் சாட்சி. நாலில் ஒன்றை விட்டுவிட்டால் பரிசோதனை முழுமையில்லை. பிரச்சினை என்னவென்றால் ஆளும் அறையும் வேண்டும், நோயாளியை நகர்த்த வேண்டும், நள்ளிரவில் எல்லா இடத்திலும் இது கிடைக்காது.

படி 7: டாப்ளர்

நோயாளியை எங்கேயும் தூக்கிப்போக வேண்டாம் என்பது இதன் பெரிய வசதி. ஒலி அலையை அனுப்பி வாங்கும் 2 மெகாஹெர்ட்ஸ் புரோபை நெற்றிப்பொட்டில் வைத்து இரண்டு பக்கமும், பின்கழுத்தில் வைத்து வெர்டிபிரல் குழாய்களையும் அவை சேர்ந்து உருவாகும் பேசிலரையும் கேட்க வேண்டும். கேட்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன், முதலில் காதுதான் கண்டுபிடிக்கும். அழுத்தம் ஏற ஏற, இதயம் விரியும் வேளையில் வரும் ஓட்டம் குறைந்து பூஜ்யமாகும். பிறகு ரத்தம் உள்ளே ஒரு அடி, வெளியே ஒரு அடி என்று ஊசலாடும், மேலும் கீழும் சமமாக. அதற்கும் பிறகு திரையில் கூர்மையான சின்ன முள் போன்ற கோடு மட்டும். கடைசியில் அதுவும் இருக்காது. ஊசலாட்டமோ முள்ளோ முன்பக்கமும் பின்பக்கமும் தெரிந்து, அரை மணி நேரம் கழித்து மறுபடியும் அதுவே தெரிந்தால் ஓட்டம் நின்றுவிட்டது என்று கொள்ளலாம்.

ஒன்றுமே கேட்கவில்லை என்பதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சிலருக்கு நெற்றிப்பொட்டு எலும்பு தடிமன், நல்ல ஆரோக்கியத்தில் இருந்தபோதே ஒலி உள்ளே போயிருக்காது. அதே புரோப், அதே இடத்தில் முன்பு ஓட்டம் பதிவாகியிருந்தால்தான் இன்றைய மௌனத்துக்கு மதிப்பு.

படி 8: சிடி ஆஞ்சியோ

வேகமானது, எல்லா இடத்திலும் இருக்கிறது. அதனால்தான் இதன் மேல் இவ்வளவு ஆசை. முதலில் கான்ட்ராஸ்ட் இல்லாமல் ஒன்று, பிறகு சுமார் 20 நொடியிலும் 60 நொடியிலும். பிரான்ஸில் உருவான நான்கு புள்ளி முறையில், 60 நொடிப் படத்தில் இரண்டு பக்க நடுமூளைத் தமனியின் கடைசிக் கிளைகளும், ஆழத்தில் இருக்கும் இரண்டு உட்சிரைகளும் நிரம்பாமல் இருக்க வேண்டும். நெற்றிப்பொட்டுத் தோலின் தமனி நிரம்பியிருக்க வேண்டும். சிக்கல் எங்கே வருகிறது? ஓட்டம் நின்றுபோன குழாய்களுக்குள்கூட மருந்து மெதுவாக ஊறி, பெரிய தமனிகளின் அடிப்பகுதி நிரம்பிய மாதிரி தெரியும். சிலர் அதை ஓட்டம் என்று எழுதிவிடுகிறார்கள். தமனி தெரிகிறதா என்பதைவிடச் சிரை வழியாகத் திரும்பி வருகிறதா என்று பாருங்கள்.

படம் ஏமாற்றும் இடங்கள்

மண்டையின் ஒரு பகுதியை அறுவைசிகிச்சையில் எடுத்துவிட்டவர், உள்ளே நீர் வடிகுழாய் வைத்திருப்பவர், மண்டையோடு பிளந்தவர், உச்சிக்குழி மூடாத பச்சைக்குழந்தை. இவர்களிடம் பெட்டி முழுதாக மூடியில்லை. அழுத்தம் வெளியேற வழி இருப்பதால், மூளை வேலையை நிறுத்திய பிறகும் ரத்தம் கொஞ்சம் போய்க்கொண்டிருக்கும். படம் ஓட்டம் இருக்கிறது என்று சொல்லும், அது பொய்யுமில்லை. அதேபோல, சேதம் மூளைத்தண்டிலேயே தொடங்கியிருந்தால் மேல்மூளைக்கு ஓட்டம் இருக்கலாம்.

ஓட்டம் தெரிந்தால் மூளைச்சாவு என்று அறிவிக்கக் கூடாது, அவ்வளவுதான். காத்திருந்து மறுபடி பரிசோதிக்கலாம், ஸ்கேனை மறுபடி எடுக்கலாம், அல்லது சிகிச்சையை எந்தத் திசையில் கொண்டுபோவது என்று குடும்பத்தோடு பேசலாம். வேண்டிய பதில் வரும்வரை ஸ்கேனை மாற்றி மாற்றி எடுப்பது மட்டும் கூடாது.

இன்னொரு விஷயத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஓட்டம் இல்லை என்று எல்லாப் படமும் சொன்ன சிலரிடம்கூடச் சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோன் வந்துகொண்டிருக்கும், அந்தச் சுரப்பிக்கு மூளைக்கு வெளியிலிருந்தும் ரத்தம் வருவதால். இதைப் பற்றி மருத்துவர்களிடையே இன்றும் விவாதம் உண்டு. படம் ஒவ்வொரு செல்லையும் எண்ணிச் சொல்வதில்லை.

ரிப்போர்ட் எழுதும்போது

"மூளைச்சாவு உறுதி" என்று எழுதாதீர்கள். "மண்டைக்குள் ரத்த ஓட்டம் தெரியவில்லை" என்று எழுதுங்கள். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு, அப்போது பிபி, மண்டையோடு முழுதாக இருந்ததா, சாட்சிப் பகுதிகள் தெரிந்தனவா, பின்பள்ளம் பார்க்கப்பட்டதா என்பதெல்லாம் இருக்கட்டும். முடிவை அறிவிப்பது பரிசோதனை செய்த டாக்டர்கள். ஸ்கேன் தேவைப்பட்ட நோயாளிக்கு அந்த 2023 வழிகாட்டியின்படி இறந்த நேரம் என்பது ஸ்கேன் முறையாகப் படித்து முடிவு பதிவான நேரம். அதனால் ரிப்போர்ட்டின் கீழே மணியைப் போடாமல் கையெழுத்துப் போடாதீர்கள், அந்த மணிதான் இறப்புச் சான்றிதழுக்குப் போகிறது.

குடும்பத்தாரிடம்

நம்பவில்லை என்பதற்காகவே ஸ்கேன் எடுக்கலாமா? பரிசோதனை முழுமையாக முடிந்திருந்தால் எடுக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். எடுத்து, மேலே சொன்ன காரணங்களால் கொஞ்சம் ஓட்டம் தெரிந்துவிட்டால், அவர்களுக்கு நாம் கொடுப்பது பொய்யான நம்பிக்கை. அதைத் திரும்ப வாங்குவது கொடுமை. ஆனால் வேறு காரணத்துக்காக எடுத்த படம் கையில் இருந்து, அவர்கள் பார்க்க விரும்பினால், காட்டுங்கள். ஒரு அம்மா திரைக்கு முன்னால் நின்று, முகத்தின் வெளிக்கோட்டை விரலால் தொட்டு, "இது என் பையன் மூக்கு" என்றார். பிறகு நடுவில் இருந்த கருப்பைக் காட்டி "இங்கே எதுவும் போகலையா?" என்று கேட்டார். போகலம்மா என்றேன். வேறெதுவும் சொல்லத் தேவைப்படவில்லை.

பேசும்போது "மெஷின்லதான் உயிர் ஓடுது" என்று சொல்லாதீர்கள், உயிர் இருக்கிறது என்றுதான் கேட்பவர் காதில் விழும். "இறந்துட்டார், இதயத்துக்கு ஆக்சிஜன் போக மெஷின் உதவுது" என்று சொல்லுங்கள். கோமா என்ற வார்த்தையும் வேண்டாம். கோமாவில் இருப்பவர் எழக்கூடும். அப்புறம், ஸ்கேன் முடிந்து படுக்கைக்குத் திரும்பிய பிறகு கை மடங்கலாம், கால் விரல் அசையலாம், அபூர்வமாக இரண்டு கையும் மார்பை நோக்கி எழும்பக்கூட எழும்பும். அது தண்டுவடத்தின் வேலை. அது நடந்த பிறகு விளக்கினால் யாரும் நம்ப மாட்டார்கள். அறைக்குள் அவர்களை விடுவதற்கு முன்பே, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள்.